மாரி இல்லாமல் மாரியின் ஊருக்கு: பதுளை, லுணுகலை

தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு நாங்கள் கூடுவது வழக்கம். நாங்கள் என்றால், கடற்படையில் ஒரே கப்பலில் பல வருஷம் ஒன்றாக உப்புக்காற்றுத் தின்ற ஏழு பேர், கூட எங்கள் வீட்டம்மாக்கள். கப்பலின் பெயர் வேண்டாம், அதை எப்போதோ உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கோவா, கொச்சி, விசாகப்பட்டினம் என்று இதுவரை கடலோரமாகவே கூடியிருக்கிறோம். இந்த வருஷம் முதல் தடவையாக மலைக்குப் போனோம். ஏழு பேரில் ஆறு பேர்தான் போனோம்.

மலைக்குப் போகலாம் என்று ஆரம்பித்தது மாரிமுத்துதான். போன தையில் கன்னியாகுமரியில், மீன் குழம்பும் சோறுமாக உட்கார்ந்திருக்கும்போது சொன்னான்: "அடுத்த வருஷம் எங்க ஊருக்குப் போறோம். எங்கக்கா கையால கோழிக்கொழம்பு சாப்பிட்டுப் பாரு சேவியர், சமையல்காரன்ங்கிற உன் திமிரெல்லாம் அன்னையோட எறங்கிரும்." சேவியர் நான்தான். கப்பலில் சமையல்காரன். இருநூறு பேருக்குச் சாம்பார் வைத்த கை என்று அலட்டிக்கொள்வது என் வழக்கம், அதைக் குத்திக்காட்டுவது அவன் வழக்கம்.

மாரி பிறந்தது இலங்கையில், லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். இரண்டு நாட்டு அரசாங்கமும் உட்கார்ந்து, தோட்டத்து ஜனங்களில் இன்னார் இந்தியாவுக்கு, இன்னார் இலங்கைக்கு என்று பிரித்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படி மாரியும் அவன் அப்பா அம்மாவும் கிளம்பியபோது அவனுக்குப் பத்து வயது. அக்கா வள்ளியம்மாளுக்கு அதற்கு முந்தின வருஷம்தான் கல்யாணம். மாப்பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை, அதனால் அக்கா தங்கிவிட்டாள். பதுளையில் ரயிலேறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். அந்த ரயிலுக்கு மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்றே பெயர். பெட்டி முழுக்க எல்லோரும் அழுதுகொண்டிருக்க, மாரி மட்டும் சன்னலில் தலையை நீட்டி "போயிட்டு வர்றேன்க்கா!" என்று கத்தினானாம். "அப்பா முதுகுல ஒண்ணு வச்சாரு. வரப்போறவன் மாதிரி சொல்றியேடான்னு." இதை அவன் சிரித்துக்கொண்டே சொல்வான். அவன் சிரித்ததால் நாங்களும் சிரித்திருக்கிறோம்.

அதன் பிறகு அவன் போகவேயில்லை. கோத்தகிரியில் வளர்ந்தான், படையில் சேர்ந்தான். படையில் இருந்தவரை வெளிநாடு போக ஆயிரம் அனுமதி வேண்டும், அந்தப் பக்கமோ யுத்தம். ஓய்வு பெற்றபின் இரண்டு பெண்களின் கல்யாணம், ஒரு வீடு, ஒரு கண் ஆபரேஷன். 'அடுத்த வருஷம்' என்பது அவன் வாயிலேயே குடியிருந்தது. கையில் நல்ல ஃபோன் வந்தபின் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் அக்காவோடு பேசுவான். அவ்வளவுதான் அவர்கள் பார்த்துக்கொண்டது. வைகாசியில் ஒரு நாள் தூங்கப் போனவன் எழுந்திருக்கவில்லை.

கோத்தகிரியில் அவனை எரித்துவிட்டு வந்த அன்றே எங்கள் சீஃப் சொல்லிவிட்டார்: "தைக்கு லுணுகலை போறோம். அவன் போட்ட ப்ரோக்ராம், மாத்தக் கூடாது." சீஃப் என்பவர் 'சீஃப் பெட்டி ஆபீசர்' என்ற பதவியில் இருந்து எங்களை மேய்த்தவர், திருநெல்வேலிக்காரர். அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. வள்ளியம்மா அக்காவுக்குத் தம்பி இறந்தது தெரியாது. அவர் மகன் யோகராஜ் சீஃபிடம் ஃபோனில் கெஞ்சியிருந்தான்: "அம்மாவுக்கு நெஞ்சுல ஆபரேசன் பண்ணி நாலு மாசந்தான் ஆகுது மாமா. நான் சொல்ல மாட்டேன். மாரி மாமாவுக்குத் தொண்டையில ஆபரேசன், பேச முடியாதுன்னு சொல்லியிருக்கேன். நீங்கல்லாம் வந்து, பக்குவமா, நீங்களே சொல்லிருங்க." ஆக, நாங்கள் சுற்றுலாப் போகவில்லை. எட்டு மாதம் தாமதமாக ஒரு சாவுச் செய்தியைச் சுமந்துகொண்டு போனோம்.

இனிப் பயணம். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம், ஒரு மணி நேரம்கூட இல்லை. போக வர ஆளுக்குப் பதினைந்தாயிரம் இந்திய ரூபாய்க்குள் முடிந்தது. கப்பல்காரர் ஆறு, வீட்டம்மாக்கள் நான்கு, மாரியின் மனைவி சரோஜா, மொத்தம் பதினோரு பேர். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கி, மறுநாள் காலை 5.55 ரயிலைப் பிடித்தோம். பதுளைக்கு ஏறத்தாழ 290 கிலோமீட்டர், பத்து மணி நேரம். இரண்டாம் வகுப்பு முன்பதிவு ஆளுக்கு இரண்டாயிரம் இலங்கை ரூபாய்க்குச் சற்று மேல். எங்களுக்கென்று வருஷா வருஷம் நீல டீ ஷர்ட் அடிப்போம், முதுகில் அவரவர் பெயரோடு. இந்த வருஷம் தூத்துக்குடி அச்சகத்துத் தம்பி போன வருஷத்து டிசைனையே எடுத்து ஏழு சட்டையும் அடித்துவிட்டான். மாரியின் சட்டை என் பையில் வந்தது. அதைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வரவில்லை.

ரயிலில் இறால் வடை வரும், விட்டுவிடாதீர்கள். நூற்றைம்பது ரூபாய், ஒரு முழு இறால் மேலே கவிழ்ந்து படுத்திருக்கும். எண்ணெய் கொஞ்சம் பழசு, இருந்தாலும் மன்னிக்கலாம். அட்டன் தாண்டும்போது வானம் வெளுத்திருந்தால் சிவனொளிபாத மலை தெரியும். எங்களுக்குத் தெரிந்தது. பெட்டி முழுக்க ஃபோனைத் தூக்க, என்னால் மட்டும் தூக்க முடியவில்லை.

காரணம் சொல்கிறேன். ஒருமுறை எங்கள் கப்பல் இலங்கையின் மேற்குக் கரை ஓரமாகப் போனது. மாரிதான் சுக்கான் பிடித்திருந்தான். எங்கள் பழைய கப்பலில் சுக்கான் அறைக்குச் சன்னல் கிடையாது. முன்னால் திசைகாட்டி, மேலேயிருந்து குழாய் வழியாக உத்தரவு, அவ்வளவே. காலையில் நான் தேநீர் கொண்டுபோனபோது, முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்: "சேவியரு, வெளிய ஒரு கூம்பு மலை தெரியுதா?" தெரிகிறது என்றேன். "அதுக்குப் பின்னால ரொம்ப தூரத்துல எங்கக்கா இருக்கு." காலியான கோப்பையை எடுக்கப் போனபோது மறுபடி கேட்டான்: "இன்னும் தெரியுதா?" அவன் பணி முடிந்து மேலே ஓடி வந்தபோது மேகம் மூடிவிட்டது. அந்த மலையை நான் ரயில் சன்னலில் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டு போனேன். பக்கத்தில் சரோஜா கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் இதைச் சொல்லவில்லை.

ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல. எல்லயில் வெள்ளைக்காரர்கள் மொத்தமாக இறங்கிவிட ரயில் காலியானது. அங்கே ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க வேண்டும் என்பவர்களும் இறங்கலாம், நாங்கள் இறங்கவில்லை. மாலை நான்கு மணிக்குக் கொஞ்சம் மேல் பதுளை. பாதை அங்கே முடிகிறது. யோகராஜ் நடைமேடையிலேயே நின்றிருந்தான். நாற்பது வயது, வாடகை வேன் ஓட்டுகிறவன். சரோஜாவைக் கண்டதும் "அத்தை" என்று அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். பிறகு, பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, "இந்த எடத்துலதான் அம்மா நின்னுச்சாம். அதுக்கப்புறம் இந்த ஸ்டேசனுக்குள்ள அது காலே வைக்கல. கொழும்பு போகணும்னாலும் பஸ்ஸுதான்," என்றான்.

பதுளை நகரத்துக்குள் ஒரு விடுதியில் தங்கினோம். இருவர் அறை ஏழாயிரம் இலங்கை ரூபாய், சுடுதண்ணீர் உண்டு. சாப்பாட்டில் வெலிமடை லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்ட ஒரு பொரியல் வந்தது, அப்படியொரு உருளைக்கிழங்கு நம் பக்கம் கிடையாது. சாப்பிட்டதும் சீஃப் கூட்டம் போட்டார். எல்லாம் படைக் கணக்கில் திட்டம். முதலில் சாப்பாடு. பிறகு பழைய புகைப்படங்கள். பிறகு அக்கா மாத்திரை போட்டுவிட்டாரா என்று பார்த்துக்கொள்வது. அதற்குப் பிறகுதான் செய்தி, அதையும் சீஃப்தான் சொல்வார். அதுவரை மாரிக்கு ஆபரேஷன், டாக்டர் பயணம் கூடாது என்றுவிட்டார். "சரோஜாம்மா, நீங்க நாளைக்கு மட்டும் வகிட்டுல குங்குமம் வச்சுக்கணும். பாத்த ஒடனே அவங்க பயந்துறக் கூடாது." சரோஜா தலையசைத்தாள். என் மனைவி ஸ்டெல்லா மட்டும் என் காதருகில், "இதெல்லாம் நல்லால்ல" என்றாள். எனக்கும் நன்றாகப் படவில்லை. ஆனால் சீஃப் முன்னால் நான் எப்போது வாய் திறந்தேன், அன்றைக்குத் திறக்க.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலை நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகளுக்கு இரண்டு மணி நேரம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வயிறு புரட்டுகிறவர்கள் முன்சீட்டில் உட்காருவது நல்லது. யோகராஜ் எங்களிடம் வாடகை வாங்க மறுத்துவிட்டான். மற்றவர்களுக்கு நாள் வாடகை பதினெட்டாயிரம் இலங்கை ரூபாய் என்றான். பசறை தாண்டி ஒரு வளைவில் சரோஜா முந்தானையை எடுத்து வகிட்டுக் குங்குமத்தை அழுத்தித் துடைத்தாள். "மன்னிச்சிருங்க சீஃப். அவரு அக்கா முன்னால என்னால வேசம் போட முடியாது." நெற்றியில் எப்போதும் வைக்கும் சின்னக் கறுப்புப் பொட்டு மட்டும் இருந்தது. சீஃப் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லுணுகலைக் கடைத்தெருவில் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு மேலே ஏறினோம். கடைசி ஒரு கிலோமீட்டர் வேன் போகாது. தேயிலைக்கு நடுவே படி வெட்டிய பாதை, முழங்கால் வலிக்காரர்கள் கம்பு கொண்டுபோகவும். மேலே ஒரு நீளமான லயம், ஒட்டி ஒட்டிப் பன்னிரண்டு வீடுகள், தகரக் கூரை. ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் புகை எழுந்துகொண்டிருந்தது. கடைசி வீட்டில் மட்டும் இல்லை. சமையல்காரன் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். பதினோரு பேருக்கு மதியச் சாப்பாடு என்று பத்து நாளாகச் சொல்லிவைத்த வீடு. மணி பதினொன்று. அடுப்பு எரியவில்லை.

அது வள்ளியம்மா அக்காவின் வீடு. வாசலில், இஸ்தோப்பு என்கிற முன் திண்ணையில், வெள்ளைச் சேலை கட்டி நின்றிருந்தார். மாரியின் அதே கிளிமூக்கு. யோகராஜ் முன்னால் ஓடி, "அம்மா, வந்துட்டாங்கம்மா!" என்றான். நீலச் சட்டையில் ஆறு கிழவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் படியேறி வருவதை அவர் பார்த்தார். கடைசி ஆள் ஏறி முடிந்த பிறகும் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களைப் பார்த்தார். 'வாங்க' என்று சொல்லவில்லை.

"அம்மா, வாங்கன்னு சொல்லும்மா. இந்தியாவுலருந்து வந்திருக்காங்க," என்றான் யோகராஜ், சங்கடத்தோடு.

அவர் சொல்லவில்லை. வந்தவர்களை வாங்க என்று அழைக்காதது நம் ஜனங்களுக்கு ஒரே ஒரு வீட்டில்தான். சரோஜாவுக்கும் புரிந்துவிட்டது, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வள்ளியம்மா அக்கா கேட்டார்: "யாரு சொல்றீங்க?"

இருநூறு பேரை ஒரு குரலில் அதட்டிய சீஃப் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். நான் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை.

"அக்கா, மாரிமுத்து தவறிட்டான்."

"எப்ப?"

"வைகாசியில. தூக்கத்துல போயிட்டான்க்கா. கஷ்டப்படல."

"மாரிமுத்து தவறிட்டான்," என்றார் அவர், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "வைகாசியில. தூக்கத்துல." கப்பலில் சுக்கான் பிடிக்கிறவன் மேலேயிருந்து வரும் உத்தரவை அதே சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் காதில் வாங்கினான் என்று அர்த்தம். மாரி ஆயிரம் தடவை அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அதன் பிறகு அவர் அழுதார். நெஞ்சில் கைவைத்து, சரோஜாவின் தோளில் தலையை முட்டி, அப்படியொரு அழுகை. அடுத்த நிமிஷம் பதினோரு வீட்டுக் கதவும் திறந்து பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். பத்து வயதில் போன பையனைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். லயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது என்று அங்கே நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள் யோகராஜ். அவன் முட்டியைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து அழுதான், அவன் தோளில் கைபோடப் போய் நானும் அழுதேன்.

கொஞ்சம் அடங்கியபின் அக்காதான் சொன்னார். "ஞாயித்துக்கெழம ஃபோன் வரல. ரெண்டாவது ஞாயிறும் வரல. தொண்டையில ஆபரேசன்னா மொகத்தக் காட்டலாமுல்ல? மூணாவது வாரம் இந்தப் பய மூஞ்சியப் பாத்தேன், வெளங்கிருச்சு. கேட்டா அவன் சொல்லித்தான் ஆகணும். பாவம், பெத்தவள நெனச்சுப் பயப்படுறான். சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"எட்டு மாசமாவா மதினி?" என்றாள் சரோஜா.

"என்ன செய்ய தாயி? கேதம்னா யாராச்சும் வந்து சொல்லணும். யாரும் சொல்லாத சாவுக்கு எப்படி அழுவுறது? காலையில அடுப்புப் பத்தவைப்பேன், சோறாக்குவேன், ராவுல படுப்பேன். தம்பி செத்த வீட்டுல எட்டு மாசம் சோறாக்கித் தின்னுருக்கேன். இன்னிக்கித்தான் நீங்க வாறீங்கன்னு அடுப்ப அணைச்சுப் போட்டேன்."

இவருடைய நெஞ்சு தாங்காது என்றுதான் நாங்கள் இத்தனை திட்டம் போட்டோம். எட்டு மாதம் அழாமல் இருந்த நெஞ்சு அது. எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது. சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு, ரொட்டி, இடித்த சம்பல், இஞ்சி தட்டிப்போட்ட ப்ளேன்டீ. மாரி சொன்ன கோழிக்குழம்பு இல்லை. சாப்பிடும்போது அக்கா என்னிடம் கேட்டார், கப்பலில் அவன் என்ன வேலை பார்த்தான் என்று. சன்னலில்லாத அறையையும் கூம்பு மலையையும் சொன்னேன். "ரொம்ப நேரம் தெரிஞ்சுச்சா?" என்றார். "ரொம்ப நேரம் தெரிஞ்சுச்சுக்கா" என்றேன். நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த சட்டையைப் பிரித்து, முதுகிலிருந்த பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் இங்கே ஆண்களின் சட்டையை அப்படித்தான் போட்டுக்கொள்கிறார்கள். அளவு பெரிது, கை தொங்கியது.

மூன்றரைக்கு மேல் பனி இறங்கும், பாதை வழுக்கும் என்று யோகராஜ் அவசரப்படுத்தினான். எழுந்தோம். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, அது எல்லோருக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல், ஒவ்வொருவராகப் படியிறங்கினோம். பாதிப் படியில் மேலேயிருந்து குரல் வந்தது.

"நில்லுங்க."

மாரியின் சட்டையோடு இஸ்தோப்பு விளிம்பில் நின்றிருந்தார்.

"சொல்லாம போகாதீங்க. மொறையெல்லாம் எனக்கும் தெரியும். அந்தக் கோச்சியில ஒரு பயலும் சொல்லல, அவன் ஒருத்தன்தான் சொன்னான். அந்த ஒத்தச் சொல்ல வச்சுக்கிட்டு அம்பது வருசம் இருந்துட்டேன். இனி அப்படிச் சொல்ல எனக்கு யாரு இருக்கா? நீங்க சொல்லிட்டுப் போங்க."

முதலில் சரோஜாதான் சொன்னாள். அதன் பிறகு அந்தப் படிக்கட்டில் நின்று, மேலே பார்த்து, பதினோரு பேரும் வாய்விட்டுச் சொன்னோம்: "போயிட்டு வர்றோம்க்கா!"

"வாங்க," என்றார். அன்றைக்கு முதல் தடவையாக.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ரயில் முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்கிச் சீக்கிரம் தீர்ந்துவிடும், பாதையில் மண்சரிவு இருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். பயண அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே எடுங்கள், விதிகள் அடிக்கடி மாறுகின்றன. தையிலும் காலை மாலை குளிரும், ஸ்வெட்டர் அவசியம். மழை பெய்திருந்தால் காலில் அட்டை ஏறும், உப்பு வைத்துக்கொள்ளுங்கள். லயங்களுக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு நுழையாதீர்கள், அது ஜனங்கள் குடியிருக்கும் வீடு. அங்கே சொந்தமோ சிநேகிதமோ இருந்தால், ரயில் கிடைக்கும், விடுதி கிடைக்கும், இந்த வருஷமே போய்விடுங்கள். 'அடுத்த வருஷம்' என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவனை எனக்குத் தெரியும்.

எங்களில் இளையவனுக்கே அறுபது முடிந்துவிட்டது. சீஃபுக்கு எழுபத்தொன்று, இரண்டு முழங்காலும் போய்விட்டன. அடுத்த தையில் ஆறு பேர் இருப்போமோ ஐந்து பேர் இருப்போமோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். ஆனால் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். ஒருத்தராவது போயாக வேண்டும்.